கிமுரா விழுந்தால்தான் ரிக்கிடோசான் வர முடியும்

டேக் மேட்ச், அதாவது இருவர் இருவராகச் சேர்ந்து, கையைத் தொட்டு ஆள் மாற்றி ஆடுகிற குஸ்தி பார்த்தவர்களுக்குத் தெரியும், கோதாவுக்குள் அடி வாங்கிக்கொண்டிருக்கிறவனைவிட, கயிற்றுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறானே அவனுடைய கூட்டாளி, அவன் மேல்தான் கூட்டத்தின் கண் முழுக்க இருக்கும். உள்ளே கிடக்கிறவன் தவழ்ந்து தவழ்ந்து மூலைக்கு வருவான், விரல் நுனி படப்போகிற நேரத்தில் எதிராளி காலைப் பிடித்து நடு மேடைக்கு இழுத்துவிடுவான், மறுபடி முதலிலிருந்து அடி. கடைசியில் எப்படியோ கை கையைத் தொட்டுவிடும். அப்புறம் வெளியே நின்றவன் கயிற்றைத் தாண்டி உள்ளே வருவான் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒருவன் நன்றாக அடி வாங்கினால்தான் இன்னொருவன் வருகைக்கு மதிப்பு. வாங்கின அடியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, வந்தவனைத்தான் தோளில் தூக்குவார்கள். ஜப்பானில் புரோ ரெஸ்லிங் என்ற காட்சிக் குஸ்தி பிறந்த கதையைப் படிக்கப் போய், அடி வாங்கின ஆளிடமே நான் சிக்கிக்கொண்டேன்.

1954 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. டோக்கியோவில் குராமாயே கொக்குகிகான் என்ற சுமோ அரங்கம். ஒரு பக்கம் பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்று இரண்டு அண்ணன் தம்பிகள், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உலக டேக் சாம்பியன்கள் என்ற பட்டத்தோடு வந்திருந்தார்கள். ஆறரை அடிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே உயரம் இருவரும். இன்னொரு பக்கம் கறுப்பு முழுநீள இறுக்கக் காற்சட்டையில் ரிக்கிடோசான், முன்னாள் சுமோ வீரர். அவர் பக்கத்தில் கிமுரா மசாஹிக்கோ, ஜூடோக்காரர், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான். மூன்று பிடியில், அதாவது மூன்று சுற்றில், இரண்டு ஜெயித்தவர் வெற்றி, 61 நிமிட நேரம். அடுத்தடுத்து மூன்று நாள் இதே அரங்கில் குஸ்தி, அப்புறம் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம்.

அரங்கத்துக்குள் இருந்தவர்கள் எவ்வளவோ, வெளியே இருந்தவர்கள்தான் விஷயம். ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அரசு சார்ந்த என்எச்கே 1953 பிப்ரவரியில், தனியார் நிலையமான நிப்பான் டிவி அதே வருஷம் ஆகஸ்டில். ஹயக்காவா நிறுவனம் 1953 தொடக்கத்தில் விற்பனைக்கு விட்ட முதல் பெட்டியின் விலை 1,75,000 யென். பள்ளிப் படிப்பு முடித்து அரசு வேலைக்குப் போன ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் 5,400 யென். அதாவது சாப்பிடாமல் கொள்ளாமல் இரண்டரை வருஷத்துக்கு மேல் சேர்த்தால் ஒரு பெட்டி. (அந்தப் பெட்டியின் வணிகப் பெயர் என்ன தெரியுமா? ஷார்ப். ஜப்பானிய எழுத்தில் அந்தச் சகோதரர்கள் பெயரையும் இதையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் விளம்பரக்காரன் யோசித்தால்கூட இப்படி அமையாது.)

வீட்டில் பெட்டி இல்லாத ஊரில் விளம்பரத்தை நம்பி ஒரு தனியார் டிவி நிலையம் எப்படிப் பிழைக்கும்? நிப்பான் டிவியைத் தொடங்கிய ஷோரிக்கி மட்சுதாரோ, யோமியுரி நாளிதழின் முதலாளி. ஜப்பானில் தொழில்முறை பேஸ்பாலை வேரூன்றவைத்தவரும் அவர்தான். கூட்டம் எங்கே சேரும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்த மனுஷர். ஜனங்கள் பெட்டி வாங்க முடியாவிட்டால் என்ன, பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ரயில் நிலைய வாசல்களிலும் கோயில் முற்றங்களிலும் பூங்காக்களிலும் உயரமான தாங்கிகளில் பெட்டிகளை வைத்துவிட்டார். டோக்கியோவிலும் சுற்றுவட்டாரத்திலுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். எத்தனை பெட்டி விற்றிருக்கிறது என்று கணக்குச் சொல்லி விளம்பரம் கேட்காமல், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லிக் கேட்டார்.

ஷிம்பாஷி ரயில் நிலையத்தின் மேற்கு வாசல் சதுக்கத்தில் அன்று 20,000 பேர் கூடினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துத் தெருப் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: தொப்பியும் ஓவர்கோட்டுமாகத் தலைகள், தலைகள், எல்லாத் தலையும் ஒரே கோணத்தில் நிமிர்ந்து, தூரத்தில் தீப்பெட்டி அளவுக்கு வெளிச்சமாக ஒரு சதுரம். முதல்முறை பார்த்தபோது ஏதோ அரசியல் கூட்டம் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

டிவிக்கு இதைவிடத் தோதான விளையாட்டு அப்போது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பேஸ்பாலில் பந்து எங்கே போகிறது என்று அந்தச் சின்னத் திரையில் தெரியாது, மைதானமோ பெரிசு. குஸ்தி அப்படியில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் பெரிய பெரிய உடம்புகள், யார் மேலே யார் கீழே என்பதைக் கடைசி வரிசையில் நிற்கிற கிழவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேரமும் பாருங்கள். சுமோ சில நொடிகளில் முடிந்துவிடும், மூக்கு சிந்தி நிமிர்வதற்குள் ஒருவர் வட்டத்துக்கு வெளியே கிடப்பார். இது ஒரு மணி நேரம் ஓடும். குளிரில் நின்று பார்க்கிற கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்துவைக்க ஒரு மணி நேரக் கதை தேவைப்பட்டது, அந்தக் கதையை டேக் மேட்ச் கொடுத்தது.

கதை எளிமையானது. இரண்டு ராட்சச வெள்ளைக்காரர்கள் ஒரு குள்ள ஜப்பானியரைப் போட்டு மிதிக்கிறார்கள். நடுவர் பார்க்காத நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து மிதிக்கிறார்கள். மூலையில் நிற்கிற இன்னொரு ஜப்பானியர் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறார். பொறுமை எல்லை தாண்டுகிறது. கை தொடுகிறது. உள்ளே வந்து, விரல்களைச் சேர்த்து விறைத்த கையால் நெஞ்சில் வெட்டுகிறார். கராத்தே சாப் என்று பெயர் வைத்தார்கள், சுமோவில் அறைகிற அறையும் அதில் கலந்திருந்தது. வெள்ளைக்கார மலை சாய்கிறது. அமெரிக்கப் படைகளின் ஆட்சி ஜப்பானில் முடிந்தது 1952 ஏப்ரலில், இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஏழு வருஷம் எவரெவருக்கோ தலைகுனிந்து நின்ற ஊர், தெருமுனையில் நின்று இதைப் பார்த்தால் என்ன ஆகும்? அழுதார்கள், கத்தினார்கள், முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் என்று நினைத்து அந்தக் கூட்டம் யாரைத் திட்டியதோ அந்த இருவரும் கனடாக்காரர்கள், ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டன் ஊர். ஜப்பானியன் என்று நினைத்து யாரைக் கொண்டாடியதோ அந்த ரிக்கிடோசான் ஜப்பானியரே இல்லை. கொரியாவின் வடக்குப் பகுதியில் பிறந்த கிம் சின்-ராக். கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த காலத்தில் சுமோவுக்காக அழைத்துவரப்பட்டவர். 1940இல் சுமோ மேடை ஏறி, செக்கிவாக்கே என்ற மூன்றாம் உயர் நிலை வரை போய், 1950இல் குடுமியைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர். நாகசாகி பக்கத்து ஓமுராக்காரர் என்றுதான் ஊருக்குச் சொல்லப்பட்டது. அவருடைய பிறப்பு விவரம் பரவலாகப் பேசப்பட்டதே அவர் செத்த பிறகுதான். ஆக அந்தச் சண்டையில் ‘ஜப்பான்’ என்று சொல்லிக்கொள்ள உண்மையில் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளுக்குக் கொடுக்கப்பட்டது மிதி வாங்கும் வேலை.

இப்போது கிமுராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவரைத் தெரியாவிட்டால் இந்தச் சண்டை வெறும் தமாஷாகப் போய்விடும். 1917இல் குமாமோட்டோவில் பிறந்தவர். 1937, 38, 39 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அகில ஜப்பான் ஜூடோ சாம்பியன். போர் முடிந்து 1949இல் மறுபடி, இந்த முறை இன்னொருவரோடு சேர்ந்து கூட்டுச் சாம்பியன். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பயிற்சி, ஆள் கிடைக்காவிட்டால் மரத்தைக் கட்டிப்பிடித்து வீசுகிற பயிற்சி. கிமுராவுக்கு முன் கிமுரா இல்லை, கிமுராவுக்குப் பின்னும் கிமுரா இல்லை என்று ஜூடோ உலகில் ஒரு சொலவடையே உண்டு. 1951 அக்டோபரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் எலியோ கிரேசி என்ற பிரேசில்காரரின் கையை முறுக்கிப் பிடித்தார். எலியோ தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று கிடந்தார், வெளியே இருந்த அவர் அண்ணன்தான் பொறுக்க முடியாமல் துண்டை வீசினார். தோற்ற குடும்பமே அந்தப் பிடிக்கு ஜெயித்தவர் பெயரை வைத்தது. இன்றைக்கு யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டி பார்க்கிற பையன்கள் ‘கிமுரா, கிமுரா’ என்று கத்துகிறார்களே, அது இவர்தான்.

அப்படிப்பட்டவர் ஏன் இந்தக் கோதாவுக்கு வந்தார்? பணம். மனைவிக்குக் காசநோய். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அதற்கான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் சாதாரண ஆளுக்கு எட்டுகிற விலையில் இல்லை. 1950இல் ஆரம்பித்த தொழில்முறை ஜூடோவில் சேர்ந்தார், அது சீக்கிரமே படுத்துவிட்டது. ஹவாய்க்குப் போனார், பிரேசிலுக்குப் போனார், அங்கே குஸ்தியும் போட்டார், மருந்து வாங்கி அனுப்பினார். இப்படி வந்த ஆள்தான் குராமாயேவில் ரிக்கிடோசான் பக்கத்தில் நின்றார்.

ஜூடோவில் ஒரு முறை முதுகு பாயில் சுத்தமாகப் பட்டால் கதை முடிந்தது. சுமோவில் உள்ளங்கால் தவிர எது தரையில் பட்டாலும் அவ்வளவுதான். விழுவது என்றால் தோற்பது, அந்த இரண்டு விளையாட்டுக்கும் அது ஒன்றுதான் இலக்கணம். வாழ்நாள் முழுக்க விழாமல் இருப்பதையே பயிற்சி செய்த ஒருவரைக் கூப்பிட்டு, இங்கே விழுவதுதான் உன் வேலை, ஒரு தடவை இல்லை, ராத்திரி முழுக்க விழு, ஊர் ஊராகப் போய் விழு என்றால், சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் உடம்பு ஒப்புக்கொள்ளலாம், உள்ளே ஏதோ ஒன்று ஒப்புக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் நாள் ஆட்டத்தில் ஒரு பிடி ஜப்பான் பக்கம், அதை எடுத்தவர் ரிக்கிடோசான். ஒரு பிடி ஷார்ப் பக்கம், அமுக்கப்பட்டவர் கிமுரா. நேரம் முடிந்து சமன். சுற்றுப்பயணம் முழுக்க இதே அச்சுதான். இது திட்டம் போட்டு எழுதப்பட்ட கதை என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை, எழுதியவர் யார் என்பதிலும் இல்லை: ஹவாயிலும் அமெரிக்காவிலும் பயிற்சி எடுத்து வந்து 1953இல் ஜப்பான் புரோ ரெஸ்லிங் சங்கத்தை நிறுவிய ரிக்கிடோசான். கடை அவருடையது. கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்தானே கதாநாயகன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு முழு மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிடைக்கிற துண்டுக் காட்சிகளைப் பார்த்தால் தெரியும், அந்த மனிதர் உள்ளே நுழைகிற வேகத்தில் ஒரு கோபம் இருக்கிறது, அது நடிப்பு மாதிரி இல்லை. கொரியாவிலிருந்து வந்த பையன் சுமோ கூடாரத்தில் என்னென்ன பட்டிருப்பார், குடுமியைத் தானே அறுக்கிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? அந்தக் கோபம் வெள்ளைக்காரன் மேலே மட்டுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் டபிள்யூடபிள்யூஎஃப் ஓடும்போதெல்லாம் என் பெரியப்பா “எல்லாம் செட்டப்புடா, போய்ப் படி” என்பார். அவர் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் கிங்காங் என்ற மல்லரின் குஸ்தி பார்த்தவர், அதை மட்டும் செட்டப் என்று சொல்லவே மாட்டார். அந்தக் கிங்காங்தான் 1955 நவம்பரில் டோக்கியோவுக்குப் போய் ரிக்கிடோசானோடு மோதினார், ஆசியப் பட்டத்தை ரிக்கிடோசான் எடுத்துக்கொண்டார். ஆனால் அதே பயணத்தில் டைகர் ஜோகிந்தர் சிங்கோடு ஜோடி சேர்ந்து ஆசிய டேக் பட்டத்தின் முதல் சாம்பியன்களாக வந்தது கிங்காங் ஜோடி. அந்தப் பட்டம் ஜப்பானில் இன்னும் இருக்கிறது. பெரியப்பா இருந்திருந்தால் “பார்த்தியா” என்று மீசையைத் தடவியிருப்பார்.

சரி, கிமுராவுக்கு வருவோம். 1954 வசந்த காலத்தில் ஜப்பான் முழுக்கப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. மார்ச் 1ஆம் தேதி பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது, குஸ்தி நடந்து பத்தே நாளில். அந்த மனநிலையில் கராத்தே சாப்புக்குக் கூட்டம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவில் சின்னப் பையன்கள் எல்லாரும் ரிக்கிடோசான்தான். கிமுராவாக இருக்க எந்தப் பையன் ஒப்புக்கொண்டிருப்பான்? எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ஃபீல்டிங்குக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிற பையன் ஒருவன் இருப்பான், அநேகமாக அவன் தலையில் கட்டியிருப்பார்கள்.

கிமுரா சொந்த ஊரான குமாமோட்டோவில் தனியாக ஒரு குஸ்திக் குழு தொடங்கினார். நவம்பரில் அசாஹி நாளிதழில் அவர் பேச்சு வந்தது. ரிக்கிடோசானின் குஸ்தி வெறும் பாவனை, நிஜச் சண்டை என்றால் நான் தோற்க மாட்டேன் என்பது அதன் சாரம். பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் உலகத்திலேயே பலசாலி என்று பெயரெடுத்த ஒருவர் மாதக்கணக்கில் ஊர் முன்னால் முதுகைத் தரையில் வைத்துக்கொண்டிருக்கிறார், எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்?

டிசம்பர் 22, அதே குராமாயே அரங்கம். முசாஷி, கொஜிரோ என்ற அந்தக்காலத்து வாள்வீரர்கள் இருவர் மோதிய கன்ரியூ தீவின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். கிமுரா பின்னாளில் எழுதியது இது: முதல் ஆட்டம் சமன் என்று பேசி வைத்திருந்தோம், இரண்டாவதில் யார் ஜெயிப்பது என்பதைக் கல்-காகிதம்-கத்தரிக்கோல் போட்டு முடிவு செய்வோம், அப்படியே தொடர் ஆட்டமாக நடத்திச் சம்பாதிப்போம். ரிக்கிடோசான் கையை ஓங்கியபோது வழக்கமான நெஞ்சடிதான் என்று மார்பைத் திறந்து காட்டினாராம். விழுந்தது கழுத்தில், முழு பலத்தோடு. ரிக்கிடோசான் தரப்பில், கிமுராவின் உதை தன் அடிவயிற்றுக்குக் கீழே பட்டதால்தான் கோபம் வந்தது என்றார்கள், சமனுக்குச் சம்மதம் என்று கிமுரா எழுதிக் கொடுத்த தாளையும் பத்திரிகைக்காரர்களிடம் காட்டினார்கள். யார் சொல்வது உண்மையோ, படம் இருக்கிறது, பார்க்கலாம். மூலையில் சாய்ந்து சரிகிற ஒருவரைக் கையாலும் காலாலும் அடித்துக்கொண்டே இருக்கிறார் ரிக்கிடோசான். வெள்ளைத் தரையில் ரத்தம். 15 நிமிடம் 49 நொடி. நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.

அந்தக் காட்சியில் என்னை உறுத்தியது ரத்தம் இல்லை. கிமுரா திருப்பி அடிக்கவே இல்லை என்பதும் இல்லை. அவர் முகத்தில் தெரிந்த குழப்பம். பத்து மாதத்துக்கு முன் இதே மேடையில் இவர் அடிவாங்கும்போது மூலையில் ஒரு கை நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது அந்த ஆள்தான் அடிக்கிறார், நான்கு மூலையிலும் யாருமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். ரிக்கிடோசான் சொத்துச் சேர்த்தார், ஜயன்ட் பாபா, அன்டோனியோ இனோக்கி என்ற அடுத்த தலைமுறை மல்லர்களை வளர்த்துவிட்டார், 1963 டிசம்பரில் டோக்கியோவின் அக்காசாக்காவில் ஒரு இரவு விடுதியில் கத்திக்குத்துப் பட்டு ஒரு வாரத்தில் இறந்தார், வயது 39. கிமுரா 1993 வரை இருந்தார். தாக்குஷோக்கு பல்கலைக்கழகத்தில் ஜூடோ சொல்லிக்கொடுத்தார், அவருடைய மாணவர் ஒருவர் 1971இல் அகில ஜப்பான் சாம்பியன் ஆனார். ஆனால் காசுக்குக் குஸ்தி போட்டவர் என்பதால் ஜூடோ தலைமையகம் அவரை ஏழாம் டான் என்ற தரத்துக்கு மேல் ஏற்றவே இல்லை, முப்பது வயதில் வாங்கின தரத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

ஷார்ப் சகோதரர்களில் மைக்கின் மகனும் குஸ்திக்கு வந்தார். அயர்ன் மைக் ஷார்ப் என்று எண்பதுகளில் டபிள்யூடபிள்யூஎஃப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, கனடாவின் தலைசிறந்த விளையாட்டு வீரன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு ஓயாமல் உறுமுவார். பெரும்பாலும் தோற்பதற்காகவே அனுப்பப்படுகிற ஆள். அதற்கு ஜாபர் என்று பெயர், வேலைக்காரன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். வளர்ந்து வருகிற புது நட்சத்திரத்துக்கு முதுகைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொருவருக்குக் கொடுப்பார். அப்பா கையால் கிமுராவுக்கு என்ன நேர்ந்ததோ அதை வாங்கிக்கொள்வதே மகனுக்குத் தொழிலாக அமைந்தது. அவர் அதை ரசித்துச் செய்த மாதிரிதான் எனக்குத் தோன்றும், நாங்களும் சிரித்துக்கொண்டே பார்த்தோம்.

சில வருஷம் முன்பு வேலை விஷயமாக டோக்கியோ போனபோது ஷிம்பாஷி சதுக்கத்துக்குப் போனேன். இப்போது அங்கே ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அலுவலகம் முடிந்த ஆட்கள் அதன் கீழே நின்று நண்பர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். குராமாயே அரங்கத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் மாநகரக் கழிவுநீர்த் துறையின் கட்டடம். என்னோடு வந்தவர் அங்கே வேலை பார்க்கிற ஒரு வயதான பொறியாளர். நான் ரிக்கிடோசான் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பா 1954இல் அந்தச் சதுக்கத்துக் கூட்டத்தில் நின்றவராம், சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கிமுராவைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அப்பா நின்ற இடத்தில் முன்னால் ஒரு கடையின் கூரை இருந்ததாம், அது திரையின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டதாம். நிற்கிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள், விழுந்தவர்கள் தெரிய மாட்டார்கள். அதனால் அப்பாவுக்கு ரிக்கிடோசான் நன்றாக ஞாபகம், அந்த வெள்ளைக்காரர்கள் இருவரும் நன்றாக ஞாபகம். இன்னொருவரைப் பார்த்த ஞாபகமே இல்லை என்பாராம்.